வாக்கு வாங்கியவரின் வாக்கு எங்கே?

தமிழிலே 'வாக்கு' என்னும் சொல் இரண்டு பொருள்படும். தேர்தல் நாளன்று குடிமகன் அளிப்பதும் வாக்கு. அதை வேண்டி வருகிற அபேட்சகர் அவனுக்கு முன்கூட்டி அளிப்பதும் வாக்கு. ஒன்றுக்கு ஒன்று கைமாறு. ஆயினும் தேசத்தில் இவ்விரண்டுக்கும் கிடைக்கும் மரியாதை சமமன்று. குடிமகனுடைய வாக்கு ரகசியமாய்ப் பெறப்பட்டு, முத்திரையிடப்பட்டு, போலீஸ் காவலில் வைக்கப்பட்டு, ஒன்றுகூடக் குறையாமல் எண்ணப்படுகிறது. அபேட்சகருடைய வாக்கோ ஒலிபெருக்கி வைத்துப் பகிரங்கமாய் அளிக்கப்பட்டு, எண்ணுவார் யாருமின்றிக் காற்றோடு கலந்து விடுகிறது. ஜனநாயகத்தின் நோய்களிலே இதைவிடக் கொடியது வேறொன்றில்லை என்பது நமது அபிப்பிராயம். லஞ்சம் வாங்குகிறவன் பிடிபட்டால் சிறை செல்கிறான். வாக்கை மறந்தவன் பிடிபட்டாலும் மறு தேர்தலில் மாலை போட்டுக்கொண்டு திரும்பி வருகிறான்.

இந்நோயை ஆராய்வதற்குச் சேலம் ஜில்லாவைக் காட்டிலும் தக்க இடம் நமக்குத் தோன்றவில்லை. தேர்தலில் சொன்ன சொல் தவறாமல் காப்பாற்றப்பட்டதும் இந்த ஜில்லாவிலேதான். பின்னாளில் அதே சொல் கைவிடப்பட்டதன் பலனை அனுபவித்ததும் இந்த ஜில்லாதான். சேர்வராயன் மலைமீதுள்ள வெள்ளக்கடை முதலிய பஞ்சாயத்துக்களின் ஜனங்கள் இவ்விரண்டையும் தங்கள் பாட்டனார் காலந்தொட்டுக் கண்டவர்கள்.

காப்பாற்றப்பட்ட வாக்கு

1937ஆம் வருஷம் பிப்ரவரியில் நடந்த தேர்தலில் சென்னை மாகாணச் சட்டசபையின் 215 ஸ்தானங்களில் 159 ஸ்தானங்களைக் காங்கிரஸ் கைப்பற்றிற்று. ஜூலை 14ஆந் தேதி ராஜாஜி மந்திரி சபை பதவியேற்றது. மதுவை ஒழிப்போம் என்பது காங்கிரஸ் பல ஆண்டுகளாய் ஜனங்களுக்குச் சொல்லி வந்த வாக்கு. பதவியேற்ற மூன்றாவது மாதத்திலேயே, அக்டோபர் 1ஆந் தேதி, சேலம் ஜில்லா முழுவதிலும் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. இப்பொழுதைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களும் அப்பொழுது சேலத்தைச் சேர்ந்தவையே. 1938இல் சித்தூருக்கும் கடப்பைக்கும், 1939இல் வட ஆற்காட்டுக்கும் அது விரிந்தது.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? ராஜாஜி என்ற தனிமனிதரின் உறுதி ஒரு காரணம். ஆனால் அது மட்டுமன்று. முதலாவது, வாக்குக்கு முன்னே வேலை நடந்திருந்தது. 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்து, 1929 முதல் 'விமோசனம்' என்ற பத்திரிகையை மதுவிலக்குக்கென்றே நடத்தி, குடியின் கேட்டைக் கிராமந்தோறும் எடுத்துரைத்தவர் அவர். இரண்டாவது, ஒரு தேதியும் ஓர் எல்லையும் குறிக்கப்பட்டன. மூன்றாவது, கள்ளுக்கடை வருமானம் போனால் கஜானாவுக்கு வேறு வரவு எது என்ற கேள்வியை அவர் ஒளித்து வைக்கவில்லை. பொது விற்பனை வரிச் சட்டம் 1939இல் வந்தது. வியாபாரிகள் கூச்சலிட்டார்கள். ஆயினும் வாக்கின் விலை இன்னதென்று ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே மந்திரி சபையின் மறு பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அடக்குமுறைச் சட்டங்களை ஒழிக்கப் பாடுபடுவதாகக் காங்கிரஸ் 1936ஆம் வருஷத்துத் தேர்தல் அறிக்கையில் கூறியிருந்தது. 1938இல் கட்டாய ஹிந்தியை எதிர்த்து மறியல் செய்தவர்கள்மீது, அன்னிய சர்க்கார் 1932இல் காங்கிரஸ்காரரை அடக்குவதற்குப் பயன்படுத்திய கிரிமினல் சட்டத் திருத்தத்தையே மந்திரி சபை ஏவிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை சென்றனர். கஜானாவின் வருமானத்தைத் தியாகம் செய்யத் துணிந்தவர்களும் அதிகாரத்தின் ஆயுதத்தைக் கீழே வைக்கத் துணியவில்லை. இந்த வேற்றுமையை வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

ஏற்காட்டில் நடந்த இடைத் தேர்தல்

வெள்ளக்கடை அடங்கிய ஏற்காடு சட்டசபைத் தொகுதி, மலைவாழ் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டது. அதன் அங்கத்தினர் பெருமாள் 2013 ஜூலையில் காலமானதால் டிசம்பர் 4ஆந் தேதி இடைத் தேர்தல் நடைபெற்றது. ஆளுங்கட்சியின் மந்திரிகள் பலர் தொகுதியிலே முகாமிட்டனர். நவம்பர் 28ஆந் தேதி முதன்மந்திரி ஜெயலலிதா நேரில் வந்து ஒன்பது இடங்களில் பேசினார். தேர்தல் நடைமுறை விதிகள் அமுலில் இருக்கையில் அப்பேச்சுக்களிலே புதிய வாக்குறுதிகள் அளிக்கப்பட்டன என்ற புகாரின்பேரில் தேர்தல் கமிஷன் அவரிடம் விளக்கம் கேட்டுப் பின்னர்த் தன் அதிருப்தியைத் தெரிவித்தது. காலமானவரின் மனைவி சரோஜா 78,116 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 'யாருக்கும் வாக்கில்லை' என்று பதிவு செய்யும் உரிமை தமிழ் நாட்டில் முதன்முதலாகப் பயன்பட்டது இத்தேர்தலில்தான். நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் அதைப் பயன்படுத்தினர்.

நாம் இங்கே ஒரு கட்சியைக் குறை கூற வரவில்லை. எல்லாக் கட்சிகளும் இந்த மலைமேல் ஏறி வந்திருக்கின்றன. கமிஷனுடைய அதிருப்தியோ, வாக்குறுதி தேர்தல் காலத்தில் அளிக்கப்பட்டது என்பது பற்றியது. அளித்ததைப் பிறகு நிறைவேற்றினார்களா என்று கேட்பது கமிஷனுடைய வேலையன்று. சட்டசபையில் கேட்கலாம், ஆனால் அங்கே பெரும்பான்மை யாருடையது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அந்தக் கேள்வி யாருக்கும் உரியதாகாமல் அனாதையாய் நிற்கிறது.

மூன்று வகை வாக்குகள்

அரசியல்வாதிகள் சொன்னதைச் செய்வதேயில்லை என்று பொதுப்படப் பழிப்பது வழக்கம். அது உண்மையன்று. 1967இல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று சொல்லித் தி.மு.கழகம் வென்றது. அண்ணாதுரை மந்திரி சபையால் ரூபாய்க்கு ஒரு படிதான் கொடுக்க முடிந்தது. அதுவும் முதலில் சென்னையிலும் கோயமுத்தூரிலும்தான். எதிர்க்கட்சியார் ஏளனம் செய்தனர். ஆனால் அரிசி வாக்கு அதோடு சாகவில்லை. 2006இல் கிலோ இரண்டு ரூபாய், 2008இல் ஒரு ரூபாய், 2011இல் இலவசம் என்று அது கட்சி மாறி மாறிக் காப்பாற்றப்பட்டது. டெலிவிஷனும் மிக்ஸியும் கிரைண்டரும் அவ்வாறே வீடு வந்து சேர்ந்தன.

ஏன்? கையில் வாங்கக்கூடிய பொருளுக்குக் கணக்கு உண்டு. கார்டைக் கையில் வைத்திருக்கும் தாய்மார் கடையில் அரிசி இல்லையென்றால் அன்றைக்கே கேட்பார்கள். கொடுப்பவருக்கும் நஷ்டமில்லை, பணம் பொதுக் கஜானாவினுடையது, புகழ் தம்முடையது. இது முதல் வகை.

இரண்டாவது வகை, சர்க்கார் தன் வருமானத்தையோ அதிகாரத்தையோ விட்டுக் கொடுத்தாலன்றி நிறைவேறாத வாக்கு. மதுவிலக்கு இதற்குச் சாட்சி. 1948இல் மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டது. 2003 முதல் சர்க்காருடைய டாஸ்மாக் ஸ்தாபனமே சில்லறை மதுக் கடைகளையும் நடத்தத் தொடங்கிற்று. 2016ஆம் வருஷத் தேர்தலில், படிப்படியாய் மதுவை ஒழிப்பதாக ஜெயலலிதா வாக்களித்தார். மே 23ஆந் தேதி பதவியேற்றதும் 500 கடைகளை மூடக் கையெழுத்திட்டு, கடை நேரத்தையும் குறைத்தார். டிசம்பரில் அவர் காலமானார். 2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி மேலும் 500 கடைகளை மூட உத்தரவிட்டார். படிகள் அத்துடன் நின்று விட்டன. கட்சி 2021 மே வரை அதிகாரத்தில் இருந்தது, மதுவிலக்கு வரவில்லை. இடையில் நெடுஞ்சாலையோரக் கடைகளை மூடவேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டதால் ஆயிரக்கணக்கான கடைகள் மூடப்பட்டபொழுது, சர்க்கார் அவற்றுக்கு வேறிடம் தேடிற்று. இடந்தோறும் பெண்கள் எதிர்த்து நின்றனர். இந்தியாவில் மதுவிலக்குக்கு வழிகாட்டிய ஜில்லாவைச் சேர்ந்தவரே அப்பொழுது முதன்மந்திரி என்பதை நினைக்கும்பொழுது நமக்கு வருத்தமே உண்டாகிறது.

மூன்றாவது வகை, தன் கையில் இல்லாததைத் தருவதாகச் சொல்வது. 2021இல் 'நீட்' பரீட்சையை நீக்குவதாகத் தி.மு.கழகம் வாக்களித்தது. அவ்வருஷம் செப்டம்பரில் மசோதா நிறைவேறிற்று, கவர்னர் திருப்பியனுப்பினார், 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேறிற்று, முடிவில் ஜனாதிபதியின் சம்மதம் கிடைக்கவில்லை. முயற்சி செய்யவில்லை என்று இங்கே குற்றம் சாட்ட முடியாது. ஆனால், சாவி டில்லியில் இருக்கிறது என்பதை வாக்குக் கேட்கும்பொழுதே சொல்லியிருந்தால் மாணவர்களும் பெற்றோர்களும் ஏமாந்திருக்க மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

தேர்தல் அறிக்கையிலே பொருள்களை வழங்குவதாகச் சொல்வது லஞ்சமாகாதா என்று தமிழ் நாட்டிலிருந்தே சுப்ரமணியம் பாலாஜி என்ற வழக்கு எழுந்தது. 2013 ஜூலை 5ஆந் தேதி சுப்ரீம் கோர்ட், அது ஜனப் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி ஊழலாகாது என்று தீர்ப்பளித்து, அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி கமிஷனுக்கு உத்தரவிட்டது. அதன்படி 2014இல் வந்த நெறிமுறை, வாக்குறுதிக்குரிய காரணத்தையும் பணத்துக்கு வழியையும் அறிக்கையிலே காட்டவேண்டுமென்கிறது. 2016இல் அவ்வாறு காட்டவில்லையென்று தமிழ் நாட்டின் இரு பெருங் கழகங்களையும் கமிஷன் கண்டித்தது. கண்டனம் வந்தது ஆகஸ்டில். தேர்தல் முடிந்ததோ மே மாதத்தில்! கல்யாணம் முடிந்தபின் ஜாதகம் பார்த்த கதைதான் இது.

ஆகவே கோர்ட்டையும் கமிஷனையும் நம்பிக் குடிமகன் கைகட்டியிருக்க முடியாது. பிரிட்டனிலே லிபரல் டெமாக்ரட் கட்சியார் 2010இல் சர்வகலாசாலைக் கட்டணத்தை உயர்த்த மாட்டோம் என்று கையெழுத்திட்டு வாக்களித்து, மந்திரி பதவியில் பங்கு கிடைத்ததும் அதை ஏறக்குறைய மும்மடங்காக்க உடன்பட்டனர். தலைவர் நிக் கிளெக் 2012இல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். 2015இல் ஜனங்கள் 57 ஸ்தானங்களை 8 ஆகக் குறைத்தார்கள். எந்தக் கோர்ட்டும் தண்டிக்கவில்லை, ஞாபகசக்தி தண்டித்தது.

அந்நிய தேசத்து உதாரணம் எதற்கு? பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் வருஷங்களில் வெட்டிய உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்கு நிற்கத் தகுதியற்றவர் என்று விதிக்கிறது. கணக்குக் காட்டியபின்தான் மறுபடியும் பதவி என்ற நியதி ஆயிரம் வருஷத்துக்கு முன்னே நம்மவருக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளக்கடையில் தொடங்கட்டும்

மலைநாட்டிலே தேர்தல்தோறும் கேட்கப்படுவன பாதை, பஸ், உழுகிற நிலத்துக்குப் பட்டா. இவை இரண்டாவது வகையைச் சேர்ந்தவை என்பதே சூட்சுமம். காட்டு இலாகா தன் அதிகாரத்தில் ஒரு பகுதியை விட்டுக் கொடுக்க வேண்டும். பார்லிமெண்ட் 2006இலேயே வன உரிமைச் சட்டம் செய்தது. 2008இல் பிறந்த ஹைகோர்ட் இடைக்கால உத்தரவால், அதை 2016இல் சுப்ரீம் கோர்ட் நீக்கும் வரையில், தமிழ் நாட்டில் உரிமைப் பத்திரங்கள் வழங்கப்படவில்லை. இந்த எட்டு வருஷத்தில் எத்தனை பிரசங்கிகள் மலையேறி வந்து பட்டா தருவதாகச் சொல்லியிருப்பார்கள்!

அச்சட்டத்தில் ஜனங்கள் அறியாத ஆயுதம் ஒன்று இருக்கிறது. பாதை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிநீர் முதலிய பொதுக் காரியம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குட்பட்ட காட்டு நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்ட நேராதவாறு, மாற்றிக் கொடுக்கலாம். அதற்குக் கிராம சபையின் சிபார்சு வேண்டும். அதாவது, முதற் கையெழுத்து மந்திரியுடையதன்று, கிராமத்தாருடையது. சிபார்சுத் தீர்மானத்தின் நகல் கையிலிருந்தால், 'காட்டு இலாகா தடுக்கிறது' என்று சொல்லி எந்தப் பிரதிநிதியும் தப்ப முடியாது. தீர்மானம் எந்த ஆபீஸில், எந்தத் தேதி முதல் கிடக்கிறது என்று கேட்கலாம்.

ஆகவே நமது யோசனை இதுதான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையிலே ஒரு கணக்குப் புஸ்தகம் திறக்கட்டும். வாக்கு அளித்தவர் பெயர், கட்சி, தேதி, இடம், அளித்த வாக்கு, அதற்குப் பணம் எங்கிருந்து வருமென்று சொன்னார், அது அவர் கையில் உள்ளதா டில்லியின் கையில் உள்ளதா என்பனவற்றை எதிரெதிராக எழுதட்டும். செய்ததையும் எழுத வேண்டும். செய்தவனைப் புகழாத ஊரில் செய்யாதவனைப் பழிப்பதற்கு மதிப்பிராது. தேர்தல் வந்ததும் அந்தப் புஸ்தகத்தை மேடைமீது வைத்துச் சத்தமாய் வாசிக்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். ஒரு நோட்டுப் புஸ்தகமும் பயமில்லாத ஒரு குமாஸ்தாவும் போதும்.

அரசியல் ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தலைவர் மேடையில் ஒரு வாக்கை வழங்கும்பொழுது கைதட்டுவது உங்கள் கடமையென்று எண்ணுகிறீர்கள். அவர் இறங்கியதும், 'ஐயா, இதற்குத் தேதி என்ன, பணம் எது?' என்று முதலிற் கேட்கவேண்டியவர்களும் நீங்களே. வாக்குத் தவறினால் தலைவர் தலைநகரில் இருப்பார். கிராமத்தார் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள் நீங்கள். 1937இல் சேலத்துக் கள்ளுக்கடைகள் மூடியதற்குக் காரணம், பல வருஷம் வீடு வீடாய்ச் சென்ற ஊழியர் கூட்டம் ஒன்று, சொன்னதைச் செய்யாமல் ஊருக்குள் தலை காட்ட முடியாது என்று உணர்ந்திருந்ததே. அந்த வெட்கம் திரும்பி வந்தால், வாக்கும் திரும்பி வரும்.