மெனிண்டியில் மீன்கள் ஏன் செத்தன?

2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் ஆஸ்திரேலியாவின் மெனிண்டி என்ற சிற்றூரில், டார்லிங் ஆற்றில் லட்சக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. பல பத்தாண்டுகள் வாழ்ந்த மர்ரே காட் மீன்களும் அவற்றில் இருந்தன. ஆற்றில் தண்ணீர் இருந்தது. பிறகு ஏன் இந்தச் சாவு?

கடும் வறட்சி ஒருபுறம். மேற்பகுதியில் பாசனத்துக்கு நீர் எடுத்தது மறுபுறம். ஓட்டம் நின்று, ஆறு மடுக்களாகத் தேங்கியது. வெயிலில் சூடேறிய மேல்நீர் லேசாகி மேலேயே நின்றது. குளிர்ந்த அடிநீர் கனமாகக் கீழே தங்கியது. இரண்டும் கலக்கவில்லை. மேலே நீலப்பச்சைப் பாசி பெருகியது. செத்துப் படிந்த பாசியை மட்கவைத்த பாக்டீரியாக்கள் அடிநீரின் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டன. மீன்கள் மேலடுக்கில் ஒதுங்கின. திடீரென வெப்பம் தணிந்ததும் அடுக்குகள் கலந்தன. மொத்த நீரிலும் ஆக்சிஜன் சரிந்து, மீன்கள் மூச்சுத் திணறிச் செத்தன.

தடுப்பது எப்படி? ஓடும் நீரில் இப்படி அடுக்குகள் நிலைப்பதில்லை; ஆகவே ஆற்றில் போதிய நீர் விட்டுவைக்க வேண்டும். சுமார் 10 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்த மர்ரே–டார்லிங் படுகைக்கு 2012-இல் வந்த திட்டம், பாசனத்துக்கு எடுக்கும் நீருக்கு உச்சவரம்பு வைத்தது. விற்க முன்வரும் விவசாயிகளிடம் அரசு நீருரிமையை வாங்கி, ஆற்றுக்கே திருப்பி விடுகிறது. மீன் இனப்பெருக்கத்துக்கும் ஈரநிலங்களுக்கும் ஏற்ற காலம் பார்த்து அந்த நீர் திறக்கப்படுகிறது.

ஆனால் வறட்சியில் ஆற்றுக்கான அந்த நீரும் சுருங்குகிறது. ஆற்றுக்கு உயிர்நீரை முதலில் ஒதுக்கிவிட்டு, மிஞ்சுவதைப் பங்கிடுவதே சரியான நீர் மேலாண்மை.