‘ஓராண்டு ப்ளேஸ்மென்ட்’ என்றால் வேலை உறுதியா? - பிரிட்டனில் கணினிப் படிப்பு: மாணவர்கள் அறிய வேண்டியவை

பிரிட்டன் பல்கலைக்கழகங்களின் கையேடுகளில் பல பாடப்பிரிவுகளின் பெயருக்குப் பக்கத்தில் ‘வித் ப்ளேஸ்மென்ட் இயர்’ என்று போட்டிருக்கும். அதைப் பார்த்ததும் நம்மூர்ப் பெற்றோர் பலருக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும். “ப்ளேஸ்மென்ட்டோட சேர்த்துத்தான் படிப்பாம், வேலைக்குப் பிரச்சினை இல்லை” என்று சொல்லி, கூடுதல் கட்டணத்துக்கும் சம்மதித்துவிடுவார்கள்.

குழப்பம் இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் ‘ப்ளேஸ்மென்ட்’ என்றால், நிறுவனங்கள் கல்லூரி வளாகத்துக்கே வந்து ஆள் எடுப்பது. பிரிட்டனில் அதே சொல், படிப்பின் ஒரு பகுதியாக ஏதாவது ஒரு நிறுவனத்தில் ஓராண்டு வேலை பார்த்துப் பயிற்சி பெறுவதைக் குறிக்கிறது. அந்த இடத்தைப் பெரும்பாலும் மாணவரேதான் தேடிப் பிடிக்க வேண்டும். பல்கலைக்கழகம் வழிகாட்டும், கையில் வாங்கிக் கொடுக்காது.

சாண்ட்விச் படிப்பு என்பது என்ன?

இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே காய்கறி வைப்பதுபோல, இரண்டு படிப்புக் காலங்களுக்கு நடுவே வேலைக் காலத்தை வைப்பதால் இதற்கு ‘சாண்ட்விச்’ படிப்பு என்று பெயர். இளநிலைப் பட்டம் என்றால் முதல் 2 ஆண்டுகள் வகுப்பு, 3-வது ஆண்டு நிறுவனம், 4-வது ஆண்டு மறுபடியும் வகுப்பு. முதுநிலையில், வழக்கமாக ஓராண்டில் முடியும் எம்.எஸ்சி. படிப்பு இப்படிச் சேரும்போது சுமார் 2 ஆண்டுகளாக நீளும்.

இது புதிய ஏற்பாடு அல்ல. 1903-லேயே சண்டர்லாந்து தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் மாணவர்களுக்காக இந்த முறை தொடங்கப்பட்டது. 1950-களில் தொழில்நுட்பக் கல்லூரிகள் இதைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டன. அவற்றில் பல 1966-ல் பல்கலைக்கழகங்களாக மாறின. பாத், சர்ரே, லாஃப்பரோ, ஆஸ்டன், புரூனெல் ஆகியவை அப்படி வந்தவைதான். இன்றும் ப்ளேஸ்மென்ட் ஆண்டுக்குப் பெயர் பெற்றவையாக இவை இருப்பதற்கு அதுவே காரணம்.

இந்தியாவிலும் நிறுவனத்தில் ஓராண்டு இருக்க வழி உண்டு. 1961-ம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ், தேசியத் தொழிற்பயிற்சித் திட்டம் வழியாகப் பொறியியல் பட்டதாரிகள் ஓராண்டு பயிற்சி பெறலாம். ஆனால், அது பெரும்பாலும் படிப்பு முடிந்த பிறகு. சாண்ட்விச் முறையில் மாணவர் மறுபடியும் வகுப்பறைக்குத் திரும்பி வருகிறார். முக்கிய வேறுபாடு இது.

எப்போது தேடத் தொடங்க வேண்டும்?

கோடையில் வேலைக்குச் சேர, அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே பெரிய நிறுவனங்கள் விண்ணப்பங்களை வாங்கத் தொடங்கிவிடும். பல நிறுவனங்கள் கடைசித் தேதிவரை காத்திருப்பதில்லை. தகுதியானவர்கள் கிடைத்ததும் கதவைச் சாத்திவிடுகின்றன. சிறு நிறுவனங்கள் மட்டும் பிப்ரவரி, மார்ச்சில்கூட ஆள் தேடும்.

சுயவிவரம், ஆன்லைனில் கோடிங் தேர்வு, வீடியோ நேர்காணல், பிறகு அரை நாளோ ஒரு நாளோ நடக்கும் குழுத் தேர்வு என்று பல படிகள் உண்டு. செப்டம்பரில் வந்து இறங்கும் எம்.எஸ்சி. மாணவருக்கு இது பெரிய நெருக்கடி. வீடு தேடுவது, வங்கிக் கணக்கு தொடங்குவது, முதல் அசைன்மென்ட் எழுதுவது என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். “முதல் செமஸ்டர் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்” என்று இருந்துவிட்டால், பாதி வாய்ப்புகள் முடிந்திருக்கும்.

முதல் மூன்று மாதங்கள் எப்படி இருக்கும்?

முதல் வாரம் லேப்டாப், கடவுச்சொற்கள், பாதுகாப்புப் பயிற்சி என்று ஓடிவிடும். அதன் பிறகுதான் அதிர்ச்சி. கல்லூரியில் செய்த புராஜெக்ட் சில ஆயிரம் வரிகள் இருக்கும். எல்லாமே மாணவர் தானே எழுதியவை. இங்கோ, லட்சக்கணக்கான வரிகள் ஏற்கெனவே இருக்கின்றன. எழுதியவர்களில் பலர் நிறுவனத்தை விட்டே போயிருப்பார்கள். முதல் சில வாரங்களில் கோட் எழுதுவதைவிட அடுத்தவர் கோடைப் படிப்பதுதான் அதிகம்.

முதல் வேலையாகச் சின்னதாக ஏதாவது தருவார்கள். திரையில் ஒரு பிழைச் செய்தியை மாற்றுவது, விடுபட்ட டெஸ்ட் ஒன்றை எழுதுவது, இப்படி. அதையும் இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் சேர்ப்பார்கள். இதுதான் ‘கோட் ரிவ்யூ’. பத்து வரி மாற்றத்துக்கு இருபது கேள்விகள் வரும். உள்ளீடு காலியாக வந்தால் என்ன ஆகும்? இந்தப் பெயரை ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்குப் புரியுமா? “ஓடுதே, அப்புறம் என்ன?” என்று கல்லூரியில் கேட்டுப் பழகிய மாணவருக்கு இது முதலில் அவமானமாகத் தெரியும். அனுபவசாலிகளின் கோடுக்கும் இதே கேள்விகள் வருவதைப் பார்த்த பிறகுதான் அது வழக்கம் என்று புரியும்.

இன்னொரு தடை, கேட்கும் கூச்சம். மேனேஜரையே பெயர் சொல்லிக் கூப்பிடும் அலுவலகத்தில், ‘சார்’ சொல்லிப் பழகிய நாக்கு தடுமாறும். “சந்தேகம் கேட்டா, ஒண்ணுமே தெரியலைன்னு நினைச்சிடுவாங்களோ” என்று இரண்டு நாள் தனியாகப் போராடுபவர்கள் உண்டு. அங்கே அதைத் தன்னம்பிக்கையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குழுவின் இரண்டு நாள் வீணானதாகத்தான் பார்ப்பார்கள். ஒரு மணி நேரம் முயன்று பார்த்து, என்னென்ன செய்து பார்த்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேட்பதே நல்ல வழி. தினமும் காலையில் நடக்கும் ‘ஸ்டாண்ட்-அப்’ கூட்டத்தில் நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம், எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்வதும் இதற்காகத்தான்.

இரண்டு மாதம் போதாதா? ஓராண்டு எதற்கு?

கோடை விடுமுறையில் 8 முதல் 12 வாரங்கள் நடக்கும் இன்டர்ன்ஷிப்பில், மாணவருக்கென்று ஒரு தனி புராஜெக்ட் ஒதுக்கப்படும். முடிப்பார், கடைசி நாளில் விளக்கிக் காட்டுவார், கைத்தட்டல் வாங்குவார், கிளம்பிவிடுவார். அந்த கோட் பிறகு என்ன ஆனது என்பது அவருக்குத் தெரியாது.

ஓராண்டு இருப்பவரிடம் அவர் எழுதியதே திரும்பி வரும். ஓர் உதாரணம்: தினமும் நள்ளிரவு தாண்டி 1.30 மணிக்குக் கணக்கு அறிக்கையைத் தயாரிக்கும் நிரல் ஒன்றை ஒரு மாணவர் நவம்பரில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரிட்டனின் உள்ளூர் நேரப்படி ஓடுமாறு அமைக்கிறார். நான்கு மாதங்கள் எந்தச் சிக்கலும் இல்லை. மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அறிக்கை வரவில்லை.

காரணம் இதுதான். பிரிட்டனில் அன்று அதிகாலை 1 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிறார்கள். 12.59-க்கு அடுத்த நிமிடம் 2 மணி. அந்த இரவில் 1.30 என்ற நேரமே கிடையாது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரம் பின்னால் போகும்போது 1.30 இரண்டு முறை வரும். கவனிக்காவிட்டால் அறிக்கையும் இரண்டு முறை போகும். ஆண்டு முழுவதும் ஒரே நேரம் ஓடும் இந்தியாவில் வளர்ந்தவருக்கு இப்படி ஒரு சிக்கல் வரும் என்று தோன்றவே தோன்றாது. ஜூலையில் சேர்ந்து ஆகஸ்டில் கிளம்புபவர் இதைப் பார்க்கவே வாய்ப்பில்லை.

அன்று காலை அந்தக் குழு எப்படி நடந்துகொள்கிறது என்பதும் ஒரு பாடம். நல்ல குழுக்கள் ‘யார் செய்தது’ என்று தேடுவதில்லை. ‘எந்தச் சோதனை இருந்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும்’ என்று எழுதிவைக்கின்றன. ஓராண்டுப் பயிற்சியின் பலன் இங்கேதான் இருக்கிறது. தன் வேலையின் விளைவை மாணவர் கூடவே இருந்து பார்க்கிறார், தானே சரிசெய்கிறார்.

சம்பளம் கிடைக்குமா? கட்டணம் உண்டா?

தொழில்நுட்ப நிறுவனங்கள் பல நல்ல சம்பளமே தருகின்றன. ஆனால் சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. படிப்பின் கட்டாயப் பகுதியாக, ஓர் ஆண்டைத் தாண்டாமல் நடக்கும் பயிற்சிக்கு பிரிட்டனின் குறைந்தபட்சக் கூலி விதி பொருந்தாது. எனவே ஆஃபர் லெட்டரில் தொகை எவ்வளவு என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

ஆண்டு வருமானம் 12,570 பவுண்டைத் தாண்டினால் வருமான வரி உண்டு. பிரிட்டனின் வரி ஆண்டு ஏப்ரல் 6-ல் தொடங்குவதால், ஜூன், ஜூலையில் வேலை முடியும்போது கூடுதலாகப் பிடிக்கப்பட்ட வரி இருந்தால் திரும்பப் பெறலாம்.

வேலை பார்க்கும் ஆண்டிலும் பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் உண்டு. இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவர்களுக்கு அது முழுக் கட்டண உச்சவரம்பில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வெளிநாட்டு மாணவர்களுக்கு இந்த வரம்பு இல்லை. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும்.

இடம் கிடைக்காவிட்டால் விசா என்ன ஆகும்?

மாணவர் விசாவில் இருப்பவர் இந்தப் பயிற்சிக்குத் தனி வேலை விசா எடுக்க வேண்டியதில்லை. பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பருவ காலத்தில் உள்ள வாரம் 20 மணி நேர வரம்பும் இதற்குப் பொருந்தாது. முழு நேரமாக வேலை பார்க்கலாம். ஆனால், பயிற்சி என்பது படிப்பின் மதிப்பிடப்படும் பகுதியாக இருக்க வேண்டும். பொதுவாக மொத்தக் காலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்: இடம் கிடைக்காவிட்டால், மாணவரை ப்ளேஸ்மென்ட் இல்லாத பாடப்பிரிவுக்குப் பல்கலைக்கழகம் மாற்றிவிடும். அதைக் குடிவரவுத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். படிப்புக் காலம் குறைவதால் விசா காலமும் குறைக்கப்படலாம். இரண்டு ஆண்டுகளை மனதில் வைத்துக் கல்விக் கடன் வாங்கிய குடும்பத்துக்கு, ஓராண்டுச் சம்பளம் வரும் என்று போட்ட கணக்கு அங்கேயே உடைந்துவிடும்.

படிப்பு முடிந்த பின் வேலை தேடத் தரப்படும் ‘கிராஜுவேட்’ விசாவும் சுருங்குகிறது. இளநிலை, முதுநிலை முடித்தவர்களுக்கு 2 ஆண்டுகளாக இருந்த அந்தக் காலம், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதங்கள்தான். அதனால், படிக்கும்போதே கிடைக்கும் ஓராண்டு அனுபவத்தின் மதிப்பு கூடுகிறது. அதற்கான போட்டியும் கூடவே இருக்கும்.

பணம் கட்டுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

பல்கலைக்கழகத்திடம்: கடந்த ஆண்டு இந்தப் பாடப்பிரிவில் ப்ளேஸ்மென்ட் தேடியவர்கள் எத்தனை பேர், கிடைத்தவர்கள் எத்தனை பேர்? அதில் வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர்? எந்தத் தேதிக்குள் இடம் கிடைத்திருக்க வேண்டும்? கிடைக்காவிட்டால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும்? பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஏஜென்ட் வாய்வார்த்தையாக “அதெல்லாம் கிடைச்சிடும்” என்று சொல்வது பதில் ஆகாது.

நிறுவனத்திடம்: எந்தக் குழுவில் வேலை, மாணவரின் கோடை யார் பார்த்துத் திருத்துவார், சந்தேகம் கேட்க என்று தனியாக ஒருவர் இருப்பாரா? பெரிய பெயருள்ள நிறுவனத்தில் ஆண்டு முழுவதும் எக்செல் தாளை நிரப்பிக்கொண்டிருப்பதைவிட, 15 பேர் உள்ள சிறு நிறுவனத்தில் தினமும் ஒருவர் உட்கார்ந்து திருத்தும் வேலை அதிகம் கற்றுத்தரும்.

ரகசிய ஒப்பந்தத்தையும் முழுதாகப் படிக்க வேண்டும். அலுவலக கோடைத் தனிப்பட்ட கிட்ஹப் கணக்கில் போடுவதும், அனுமதி வாங்காமல் பயிற்சி அறிக்கையில் சேர்ப்பதும் பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும். அதற்குப் பதிலாக, என்ன செய்தோம், எங்கே சறுக்கினோம், எப்படிச் சரிசெய்தோம் என்று வாராவாரம் சொந்த வார்த்தைகளில் குறிப்பு எழுதிவருவது நல்லது. பல்கலைக்கழகம் கேட்கும் அறிக்கைக்கும் அது உதவும், அடுத்த நேர்காணலில் “ஒரு சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள்?” என்று கேட்கும்போதும் கைகொடுக்கும்.