டிகாக்‌ஷனும் புகையிலைச் சாறும்

காலையில் வீட்டில் காபி போடுவதைக் கவனித்திருப்பீர்கள். பில்டரின் மேல் பகுதியில் காபித் தூளை இட்டு அதன்மேல் வெந்நீர் ஊற்றுகிறார்கள். சற்று நேரத்தில் கீழே கரும்பழுப்பு நிற டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றினால் இரண்டாம் டிகாக்‌ஷன் கிடைக்கும். ஆனால் அதில் முன்னதன் மணமும் கசப்பும் இரா. தூளில் இருந்தவற்றுள் பெரும்பகுதி முதல் முறையிலேயே நீரில் கரைந்து போய்விட்டது. திடப்பொருளில் அடங்கியிருப்பதைத் திரவத்தில் கரைத்து வெளியே எடுக்கும் இம்முறையைச் சாறு இறக்குதல் எனலாம். கரைக்கும் திரவத்திற்குக் கரைப்பான் என்று பெயர்.

இதை இங்கே சொல்லக் காரணம் ஒரு மாணவன். முதலாண்டு ஆய்வகத்தில் எல்லாரும் போன பிறகு அவன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான்.

"சார், என் அண்ணன் லண்டனில் வேலை பார்க்கிறான். புகையிலையைக் கிளிசரினில் ஊறவைத்து, வடிகட்டி, மின் சிகரெட்டில் ஊற்றிக்கொள்கிறானாம். கடையில் விற்கும் திரவத்தைவிட இதுதான் உண்மையான புகையிலைச் சுவை என்கிறான். எரிப்பதே இல்லை, எல்லாம் இயற்கை, ஆகவே கெடுதல் இல்லை என்று சொல்கிறான். அது சரியா, சார்?"

நல்ல கேள்வி. இதற்கு விடை காண மூன்றைப் பார்க்கவேண்டும். எது கரைகிறது? எவ்வளவு கரைகிறது? சூடாக்கினால் அது என்னவாகிறது?

எது கரைகிறது?

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு சிறு கண்ணாடிக் குப்பிகளில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போடுங்கள். ஒன்றில் தண்ணீரும் மற்றதில் தேங்காய் எண்ணெயும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மறுநாள் பார்த்தால், தண்ணீரில் தூள் அடியில் படிந்து மேலே வெளிறிய மஞ்சள் தெரியும். எண்ணெயோ அடர்ந்த மஞ்சளாக இருக்கும். மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமின் நீரில் அநேகமாகக் கரையாது, எண்ணெயில் கரையும். இப்போது எண்ணெயை மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். தூள் நின்றுவிடும், நிறம் நிற்காது. வடிகட்டி துகள்களைத்தான் தடுக்கும். கரைந்துவிட்டதை அது தடுக்காது.

புகையிலைக்கும் இதே விதிதான். மின் சிகரெட் திரவத்தில் வழக்கமாக இருக்கும் கரைப்பான்கள் கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் ஆகும். இவை இலையின் மணத்தை மட்டும் பொறுக்கி எடுப்பதில்லை. சர்க்கரை, நிறப்பொருள்கள், நிக்கோட்டின் ஆகியவையும் உடன் வருகின்றன. இலையைப் பதப்படுத்தும்போது நிக்கோட்டின் முதலிய பொருள்களிலிருந்து நைட்ரோசமீன்கள் என்ற சேர்மங்கள் உண்டாகின்றன. அவற்றுள் இரண்டை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. இவை எரிப்பதற்கு முன்பே இலையில் இருப்பவை. புகையிலையை எரிக்காமல் மெல்லுபவருக்கும் வாய்ப் புற்றுநோய் வருவது நமக்குத் தெரிந்ததுதானே?

எவ்வளவு கரைகிறது?

நிக்கோட்டினை முதன்முதலில் தனியே பிரித்தவர்கள் ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரைச் சேர்ந்த போசெல்ட், ரைமான் என்ற இருவர். ஆண்டு 1828. அது நிறமற்ற எண்ணெய் போன்ற திரவம். காற்றுப் பட்டால் பழுப்பாகும். புகையிலைச் செடி தன்னைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்ட வேரில் தயாரித்து இலைக்கு அனுப்பும் நஞ்சு இது. தோல் வழியாகவும் உடலுக்குள் நுழையக்கூடியது. மழையிலோ பனியிலோ நனைந்த இலைகளைப் பறிக்கும் தொழிலாளர்களுக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வாந்தியும் உண்டாவது இதனால்தான்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 10 கிராம் இலையை 50 மில்லிலிட்டர் திரவத்தில் ஊறவைப்பதாகக் கொள்வோம். இலையில் 1 சதவீதம் நிக்கோட்டின் இருந்து அது முழுவதும் கரைந்தால் 100 மில்லிகிராம், அதாவது மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம். ஆனால் சில நாட்டு வகைப் புகையிலைகளில் 9 சதவீதம் வரைகூட உண்டு. அப்போது அதே குப்பியில் மில்லிலிட்டருக்கு 18 மில்லிகிராம்! சிலர் சாராயத்தில் ஊறவைத்துப் பிறகு அதைச் சுண்டவைக்கிறார்கள். 50 மில்லிலிட்டர் 10 ஆகச் சுண்டினால் இந்த எண்கள் 10 ஆகவும் 90 ஆகவும் உயர்கின்றன. பிரிட்டனில் கடையில் விற்கும் திரவத்திற்குச் சட்டம் விதித்துள்ள உச்ச அளவு 20.

குப்பியில் இருப்பது 2-ஆ, 18-ஆ, 90-ஆ? சுவைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. நாக்கு ருசி சொல்லும், மில்லிகிராம் சொல்லாது. அதை அளக்க ஆய்வுக்கூடக் கருவி வேண்டும். சமையலறையில் அது கிடையாது. அந்தக் குப்பி ஒரு சிறு குழந்தையின் கையில் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

வீட்டில் புகையிலைச் சாறு இறக்கிய ஒருவரைப் பற்றிச் சரித்திரமே சொல்கிறது. பெல்ஜியத்தில் போகார்மே என்ற பிரபு தம் மாளிகையிலேயே புகையிலையிலிருந்து நிக்கோட்டினைப் பிரித்தெடுத்து, 1850 நவம்பரில் அதைத் தம் மைத்துனருக்குக் கொடுத்துக் கொன்றார். உடலில் தாவர நஞ்சைக் கண்டுபிடிக்க அன்று வழி இல்லை என்று எண்ணியிருந்தார். ஆனால் ழான் ஸ்டாஸ் என்ற வேதியியல் பேராசிரியர் வழி கண்டார். அமிலம் சேர்த்தால் நிக்கோட்டின் உப்பாக மாறி நீரில் தங்குகிறது. காரம் சேர்த்தால் விடுபட்டு ஈதரில் போய்ச் சேர்கிறது. இப்படிக் கரைப்பானை மாற்றி மாற்றி அவர் உடலுறுப்புகளிலிருந்து நிக்கோட்டினைப் பிரித்துக் காட்டினார். 1851-இல் பிரபுவுக்கு மரண தண்டனை நிறைவேறியது. கொலைக்கு உதவிய சாறு இறக்கும் கலையே கொலையாளியையும் காட்டிக் கொடுத்தது.

சூடாக்கினால் என்னவாகிறது?

மின் சிகரெட்டின் உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அதன் தடை 1 ஓம், மின்கலத்தின் அழுத்தம் 3.7 வோல்ட் என்று கொண்டால், அழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுக்கக் கிடைக்கும் திறன் ஏறக்குறைய 13.7 வாட். இத்தனை வெப்பமும் ஒரு சிறு சுருளில் குவிகிறது. திரியில் ஊறிய திரவம் ஆவியாகிறது. வெளியே வந்ததும் குளிர்ந்து நுண்துளிகளாகிறது. வாயிலிருந்து வரும் வெண்மேகம் நீராவி அன்று. பனிமூட்டத்தைப் போன்ற துளிக் கூட்டம்.

புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரி செல்சியசிலும், நிக்கோட்டின் 247 டிகிரியிலும், கிளிசரின் 290 டிகிரியிலும் கொதிக்கின்றன. இலையிலிருந்து வந்த சர்க்கரை ஆவியாவதில்லை. அது சுருளின்மேல் கருகிப் படிகிறது. திரி காய்ந்தால் சுருளின் வெப்பநிலை மேலும் ஏறும். கிளிசரின் சிதைந்து பார்மால்டிகைடும் அக்ரோலினும் உண்டாகும். வாணலியில் எண்ணெய் கருகும்போது கண்ணையும் தொண்டையையும் கரிக்கும் நெடியில் அக்ரோலினுக்குப் பெரும் பங்கு உண்டு.

வயிறு ஏற்பதை நுரையீரல் ஏற்கும் என்பதற்கும் உறுதி இல்லை. அமெரிக்காவில் 2019-ஆம் ஆண்டு இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தியவர்களிடையே திடீரென நுரையீரல் நோய் பரவியது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டனர்; 68 பேர் இறந்தனர். பெரும்பாலோர் கஞ்சாச் சத்துக் கலந்த திரவத்தை முறையான கடைகளுக்கு வெளியே பெற்றவர்கள். அதில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட் முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. அது மாத்திரையிலும் முகப்பூச்சிலும் சேரும் சாதாரணப் பொருள்தான்!

நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். இலை எரியாததால் சிகரெட்டுப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடும் தாரும் இதில் அந்த அளவு இரா. அண்ணன் சொன்னதில் அந்தப் பங்கு உண்மை. ஆனால் குறைந்த கெடுதல் வேறு, கெடுதல் இல்லாமை வேறு. நிக்கோட்டினின் பிடி இரண்டிலும் ஒன்றே. நம் நாட்டில் 2019-இல் வந்த சட்டம் மின் சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடை செய்துள்ளது.

இவற்றை எல்லாம் அந்த மாணவனுக்கு விளக்கினேன். "அண்ணனோடு வாதாடாதே. கணக்கை மட்டும் கேள்" என்றேன். அடுத்த வாரம் அவனே வந்தான்.

"கேட்டேன், சார். 'ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது, அண்ணா?' என்று எழுதினேன்."

"என்ன பதில்?"

"தெரியாதாம், சார். நான் கேட்டதிலிருந்து அந்தக் குப்பியைத் திறக்கவே இல்லையாம்."