கல் நசுங்கிய திசையைக் காட்டும் காந்தம்

வடக்கு வேல்ஸில் பெத்தெஸ்டா ஊரையொட்டி இருக்கிறது பென்ரின் சிலேட்டுக் குவாரி. அங்கே கிடைக்கும் ஊதாக் கல்லில் ஆங்காங்கே பச்சைப் புள்ளிகள் தெரியும். சேறு கல்லாகும் முன் இரும்பு வேதிமாற்றம் அடைந்து நிறம் மாறிய இடங்கள் அவை. முதலில் ஏறத்தாழ உருண்டையாக இருந்த புள்ளிகள், மலைகள் எழும்பியபோது பாறையோடு சேர்ந்து நசுங்கித் தட்டையாயின. புள்ளியை அளந்தால் பாறையின் வடிவமாற்றத்தை, அதாவது திரிபை, கணக்கிடலாம். புவியியலாளர் ஹென்றி கிளிஃப்டன் சார்பி 1850களிலேயே இந்த வழியைக் காட்டினார்.

ஆனால் பெரும்பாலான பாறைகளில் இத்தகைய புள்ளிகள் இல்லை. அங்கே கைகொடுப்பது காந்த ஏற்புத்திறன்.

மெல்லிய காந்தப்புலத்தில் வைத்தால் எந்தப் பாறையும் சிறிதளவு காந்தமாகும். எவ்வளவு எளிதில் ஆகிறது என்பதே ஏற்புத்திறன். உருத்திரிந்த பாறையில் இது திசைக்குத் திசை மாறும். நீண்ட மாக்னடைட் கனிமத் துகள் தன் நீளவாக்கில் எளிதில் காந்தமாகும். ஹெமடைட், மைக்கா தகடுகள் தம் தளத்தின் போக்கில். பாறை நசுங்கும்போது இவை திரும்பி ஒரே வாக்கில் படிகின்றன. சுமார் இரண்டரை சென்டிமீட்டர் விட்டமுள்ள கல் உருளையை வெவ்வேறு நிலைகளில் வைத்து அளந்தால், ஏற்புத்திறனின் மூன்று முதன்மை அச்சுகள் கிடைத்துவிடும். சில நிமிட வேலைதான். பாறையின் உள்ளமைப்பை அறிய இது உதவும் என்று 1954இல் கிரகாம் என்ற ஆய்வாளர் எடுத்துச்சொன்னார்.

1976இல் வேல்ஸ் சிலேட்டில் புள்ளிகள் காட்டும் திரிபையும் காந்த ஏற்புத்திறனையும் ஒப்பிட்ட ஆய்வுகள் வெளிவந்தன. புள்ளிகள் தட்டையான திசையில்தான் ஏற்புத்திறனும் மிகக் குறைவு. அவை நீண்ட திசையில் மிக அதிகம். திசை பொருந்தியது. அளவு அப்படியல்ல. புள்ளியின் நீளம் தடிமனைப் போலப் பல மடங்கு இருக்க, காந்த வேறுபாடு அதைவிட மிகச் சிறியது.

இரண்டையும் இணைக்க ஒரே சூத்திரம் போதாதா? போதாது. காந்தத்தைச் சுமக்கும் கனிமம் பாறைக்குப் பாறை வேறு. தகடுகள் பெரும்பாலும் ஒரே வாக்கில் படிந்துவிட்டால், அதன்பின் எவ்வளவு நசுக்கினாலும் காந்த அளவீடு அதிகம் மாறாது. நசுங்கும்போதே புதுக் கனிமங்களும் முளைக்கும். மிக நுண்ணிய மாக்னடைட்டோ தலைகீழ்: அதன் நீளவாக்கில்தான் ஏற்புத்திறன் குறைவு.

ஆகவே, எந்தக் கனிமம் பேசுகிறது என்று முதலில் கண்டறிய வேண்டும். திசையைப் பெரும்பாலும் நம்பலாம். அளவு வேண்டுமென்றால், அதே பாறையிலுள்ள புள்ளி, தொல்லுயிர் எச்சம் போன்றவற்றை அளந்து ஒப்பிட்ட பிறகே சொல்ல முடியும்.