அறுவையா, காத்திருப்பா? கடல் கடந்து ஒரு செகண்ட் ஒப்பீனியன்

ரத்தக் குழாய் நோய்கள் – 14

இதயத்திலிருந்து கிளம்பி, மார்பு வழியாக வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனிதான் உடலின் மிகப் பெரிய ரத்தக் குழாய். வயிற்றுப் பகுதியில் அதன் விட்டம் சுமார் 2 செ.மீ. சுவர் நலிந்து 3 செ.மீ. அளவுக்கோ அதற்கு மேலோ புடைத்துவிட்டால் அது ‘அனியூரிசம்’, அதாவது பெருந்தமனி வீக்கம். பெரும்பாலும் வலி இருக்காது. பித்தப்பைக் கல்லுக்கோ சிறுநீரகத்துக்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்படும். வெடித்துவிட்டால் பிழைப்பவர்கள் குறைவு. அதைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையும் லேசுப்பட்டதல்ல. நோயின் ஆபத்தையும் சிகிச்சையின் ஆபத்தையும் எடைபோட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பதால், தேர்ந்த மருத்துவர்களே இதில் கருத்து வேறுபடுகிறார்கள். இன்னொரு மருத்துவரிடம், சில வேளைகளில் வெளிநாட்டு மையம் ஒன்றிடம், கருத்து கேட்கும் வழக்கம் இதிலிருந்து பிறந்ததுதான்.

அவகாசம் இருக்கிறதா?

வீக்கம் இருப்பது தெரிந்த ஒருவருக்குத் திடீரென வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி வந்தால், மயக்கம் போட்டால், கருத்து கேட்கும் கட்டம் முடிந்துவிட்டது. ரத்தக் குழாய் அறுவை நிபுணர் இருக்கும் பக்கத்து மருத்துவமனைக்கு உடனே போவதே வழி. பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்து, சுவர் அடுக்குகளுக்கு நடுவே ரத்தம் புகும் ‘டிசெக்‌ஷன்’ நிலையும் அப்படித்தான். இதயத்தை ஒட்டிய ஏறு பகுதியில் கிழிந்தால், சிகிச்சை இல்லாமல் கழியும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உயிரிழப்பு அபாயம் 1 முதல் 2 சதவீதம் கூடும் என்பது நெடுங்காலமாக மருத்துவர்கள் சொல்லிவரும் கணக்கு.

அறிகுறி ஏதுமில்லாத வீக்கத்தில் பெரும்பாலும் சில வாரங்கள் கையில் இருக்கும். அந்த வாரங்களில் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும். புகையிலை அடியோடு நிற்க வேண்டும். சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் சர்வசாதாரணமாக எழுதப்படும் சிப்ரோஃபிளாக்சசின், லீவோஃபிளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகள் பெருந்தமனிச் சுவரைப் பாதிக்கலாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2018 டிசம்பரில் எச்சரித்தது. எந்த மருத்துவரிடம் போனாலும் வீக்கம் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கருத்துகள் எங்கே பிரிகின்றன?

முதல் பிரிவு: இப்போதே அறுவை வேண்டுமா என்பது. பிரிட்டனில் 4 முதல் 5.5 செ.மீ. வரை வயிற்று வீக்கம் இருந்த 1,090 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனே அறுவையும் மற்றவர்களுக்கு ஸ்கேன் கண்காணிப்பும் தந்து ஒப்பிட்டார்கள். 1998இல் வெளியான முடிவின்படி, முன்கூட்டியே அறுவை செய்ததால் ஆயுள் கூடவில்லை. ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்குச் சுமார் 5 செ.மீ. என்ற இன்றைய வரம்புக்கு இத்தகைய ஆய்வுகளே அடிப்படை. வேகமாக வளரும் வீக்கத்துக்கும் பரம்பரைக் கோளாறால் வரும் வீக்கத்துக்கும் இந்த வரம்பு பொருந்தாது.

இரண்டாவது, அளவெடுக்கும் முறை. முதுமையில் பெருந்தமனி நேராக இறங்காமல் வளைந்து நெளியும். சாய்த்து நறுக்கிய வெண்டைக்காய்த் துண்டு நீண்டு தெரிவதுபோல, வளைந்த குழாயைக் குறுக்கே சாய்வாக அறுக்கும் சி.டி. படத்தில் விட்டம் கூடுதலாகத் தெரியும். குழாயின் மையக் கோட்டுக்குச் செங்குத்தாக அளந்தால்தான் உண்மையான அளவு கிடைக்கும். அல்ட்ராசவுண்டில் உட்சுவரிலிருந்து உட்சுவர் வரை அளப்பவர்களும் உண்டு, வெளிச்சுவரிலிருந்து அளப்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் சில மி.மீ. வித்தியாசம் வரும். வரம்பை ஒட்டி நிற்கும் நோயாளிக்கு அந்தச் சில மி.மீ.தான் அறுவை மேசையா, அடுத்த ஸ்கேனா என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாம் கருத்து பல நேரங்களில் செய்யும் முதல் வேலை மறு அளவீடுதான்.

மூன்றாவது, எந்த முறை என்பது. வயிற்றைத் திறந்து, வீங்கிய பகுதியில் செயற்கைக் குழாயைத் தைப்பது பழைய வழி. அதன் தொடக்க காலத்தில், பாரிஸில் சார்ல் துபோஸ்ட் 1951இல் தானமாகப் பெற்ற தமனியையே வைத்துத் தைத்தார். தொடை வழியாக ‘ஸ்டென்ட் கிராஃப்ட்’ எனும் துணி போர்த்திய கம்பிவலைக் குழாயைச் செலுத்தி, உள்ளிருந்தே வீக்கத்தை அடைப்பது புதிய வழி. கார்கிவ் நகரில் நிக்கோலாய் வோலோதோஸ் 1987இல் மார்புப் பகுதியிலும், புவனோஸ் ஐரிஸில் ஹுவான் பரோதி 1990இல் வயிற்றுப் பகுதியிலும் இதைச் செய்தார்கள். பிரிட்டனின் ‘ஈவார் 1’ ஆய்வில் முதல் 30 நாள் உயிரிழப்பு ஸ்டென்ட் முறையில் 1.7 சதவீதம், திறந்த அறுவையில் 4.7 சதவீதம். ஆனால் 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, 8 ஆண்டுகளுக்குப் பிறகு நிலைமை திறந்த அறுவைக்குச் சாதகமாகத் திரும்பியிருந்தது. ஆகவே 62 வயதுக்காரருக்கும் 82 வயதுக்காரருக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

நான்காவது, யார் கையால் என்பது. மார்பிலிருந்து வயிறு வரை நீளும் வீக்கத்தில் சிறுநீரகம், குடல், கல்லீரலுக்குப் போகும் கிளைகள் அனைத்தையும் காப்பாற்ற வேண்டும். தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்தால் கால்கள் செயலிழக்கக்கூடும். இவ்வகை அறுவையை ஆண்டுதோறும் நிறையச் செய்யும் மையங்களில் உயிரிழப்பு குறைவு.

வெளிநாடு எதற்கு?

சாதாரண வயிற்று வீக்கத்துக்குக் கடல் கடக்கத் தேவையில்லை. உள்நாட்டிலேயே வேறொரு மருத்துவமனை போதும். வெளிநாட்டுக் கருத்துக்குப் பயன் இருப்பது மூன்று இடங்களில். ஒன்று, மேலே சொன்ன மார்பு-வயிற்று வீக்கம். இரண்டு, கிளைகளுக்கு நேராகத் துளையிட்டு, அந்தந்த நோயாளியின் சி.டி. படத்தைப் பார்த்துத் தயாரிக்கப்படும் ஸ்டென்ட் கிராஃப்ட். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவர்கள் 1990களின் பிற்பகுதியில் வளர்த்தெடுத்த உத்தி இது. தயாராகி வரவே வாரக்கணக்கில் ஆகும். மூன்று, மார்ஃபான், லோயிஸ்-டீட்ஸ் போன்ற மரபணுக் கோளாறுகள். 2005இல்தான் விவரிக்கப்பட்ட லோயிஸ்-டீட்ஸ் கோளாறில் சிறிய வீக்கமே கிழியக்கூடும் என்பதால் வரம்பும் தாழ்வானது. இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு நோயாளிகளுக்கு ‘வெளிநாடு’ என்பது பல சமயம் சென்னையும் வேலூரும்தான்.

எதை அனுப்புவது?

வெளிநாட்டு நிபுணர் பார்ப்பது நோயாளியை அல்ல, படத்தை. ஸ்கேன் மையம் பெரிய உறையில் போட்டுத் தரும் ஃபிலிமில், தேர்ந்தெடுத்த சில படங்களே இருக்கும். அதில் மறுபடி அளக்க முடியாது. அசல் சி.டி. ஆஞ்சியோவில் நூற்றுக்கணக்கான குறுக்குவெட்டுகள் உண்டு. அவற்றை ‘டைகாம்’ வடிவில் சி.டி. தகட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்க வேண்டும். அதிலும் ஒரு கண்ணி உண்டு: தகட்டில் பலமுறை 5 மி.மீ. தடிமனுள்ள வெட்டுகளை மட்டும் பதிந்து கொடுத்துவிடுவார்கள். ஸ்டென்ட் அளவெடுக்க 1 மி.மீ. அளவிலான மெல்லிய வெட்டுகள் தேவை. இடம் போதாமல் இயந்திரத்திலிருந்து அவற்றைச் சில நாட்களில் அழித்துவிடும் மையங்களும் உண்டு. ஸ்கேன் எடுத்த அன்றே கேட்பது உத்தமம்.

படத்துடன் ஒரு பக்கச் சுருக்கம் போக வேண்டும்: வயது, புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கிரியாட்டினின், எக்கோ முடிவு, பழைய அறுவைகள், குடும்பத்தில் யாராவது திடீரென இறந்த விவரம். இந்திய பிராண்டுப் பெயர்கள் பல அங்கே புரியாது என்பதால் மருந்துகளின் மூலப்பெயரை எழுத வேண்டும். பழைய ஸ்கேன் இருந்தால் வளர்ச்சி வேகம் தெரியும். “என்ன செய்யலாம்?” என்று பொதுவாகக் கேட்பதைவிட, “இப்போது அறுவை அவசியமா? எந்த முறை, ஏன்? ஆறு மாதம் காத்திருந்தால் என்ன ஆபத்து?” என்று கேட்டால் பயனுள்ள பதில் வரும்.

வருவது பெரும்பாலும் ஓர் ஆலோசனைக் கடிதம். அந்த மருத்துவருக்கு நோயாளியின் நாட்டில் உரிமம் இருக்காது. எனவே அது மருந்துச் சீட்டு ஆகாது. உள்ளூர் மருத்துவர் படித்து, ஏற்று, செயல்படுத்த வேண்டியது அது.

போவதா, வரவழைப்பதா?

கருத்து வெளிநாட்டிலும் சிகிச்சை உள்ளூரிலுமாக அமைவதற்கு வரலாற்றில் பெயர்பெற்ற உதாரணம் அன்றைய ரஷ்ய அதிபர் போரிஸ் யெல்ட்சின். 1996இல் அவருடைய இதயத் தமனி அடைப்புக்கு பைபாஸ் செய்யலாமா என்பதில் ரஷ்ய மருத்துவர்களிடையே தயக்கம் இருந்தது. ஹூஸ்டனிலிருந்து இதய அறுவை நிபுணர் மைக்கேல் டிபேக்கி மாஸ்கோ வந்து பரிசோதித்து, சில வாரம் உடலைத் தேற்றிய பிறகு செய்யலாம் என்றார். நவம்பர் 5 அன்று அறுவை செய்தவர் ரெனாத் அக்சூரின். டிபேக்கியிடம் ஹூஸ்டனில் பயின்றவர். டிபேக்கி உடனிருந்து கவனித்தார். யெல்ட்சின் 2007 வரை வாழ்ந்தார்.

நோயாளியே பயணிப்பதானால் கணக்கு பெரிது. பெரிய வீக்கத்துடன் நீண்ட விமானப் பயணத்துக்கு மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். விமான நிறுவனங்கள் இதற்கென மருத்துவப் படிவம் கேட்கும். நடுவானில் வெடித்தால் செய்வதற்கு எதுவுமில்லை. இந்தியாவிலிருந்து தாராளப் பணப்பரிமாற்றத் திட்டத்தில் ஒருவர் நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர் அனுப்பலாம். மருத்துவமனை மதிப்பீடு காட்டினால் சிகிச்சைக்கு அதற்கு மேலும் அனுமதி உண்டு. செலவு அறுவையோடு முடிவதில்லை. ஸ்டென்ட் வைத்தவருக்கு ஓரத்தில் ரத்தம் கசிகிறதா என்று ஆயுள் முழுக்க ஸ்கேன் வேண்டும். அதை ஊரில் யார் பார்ப்பார்கள் என்பது பயணத்துக்கு முன்பே முடிவாக வேண்டும்.

இரண்டு கருத்தும் முரண்பட்டால்

மூன்றாவது, நான்காவது என்று தேடிக்கொண்டே போனால் குழப்பமும் வீக்கமும் சேர்ந்து வளரும். இரு மருத்துவர்களும் எந்த அளவை, எந்த ஆபத்தை, எந்த வயதுக் கணக்கை வைத்து முடிவுக்கு வந்தார்கள் என்று பிரித்துப் பார்த்தால், வேறுபாடு பெரும்பாலும் ஏதேனும் ஒரு புள்ளியில் வந்து நிற்கும். அந்தப் புள்ளியை மட்டும் இருவரிடமும் எழுத்தில் கேட்கலாம். ரத்தக் குழாய் அறுவை நிபுணர், கதிரியக்க நிபுணர், மயக்க மருத்துவர், இதய மருத்துவர் கூடிப் பேசும் கூட்டு ஆய்வு நடக்கும் மருத்துவமனையில், இரண்டு கடிதங்களையும் ஒன்றாக வைத்து விவாதிக்கச் சொல்லலாம். ஆபத்துகள் ஏறக்குறைய சமமாக இருந்தால், முடிவு நோயாளியின் விருப்பத்தைப் பொறுத்தது. அறுவை வேண்டாம் என்பதும் அதில் அடக்கம். அப்படி முடிவெடுப்பவருக்கும் குறித்த தேதியில் அடுத்த ஸ்கேன் உண்டு.

(தொடரும்)