துப்பாக்கியா, சட்டமா?

2024-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி காலை, நியூயார்க் நகரில் ஓர் ஓட்டலின் வாயிலில் பிரையன் தாம்சன் என்பவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் யுனைடெட் ஹெல்த்கேர் என்னும் பெரிய மருத்துவ இன்சூரன்ஸ் கம்பெனியின் தலைமை நிர்வாகி. இரு புதல்வருக்குத் தந்தை. அங்கே கிடந்த தோட்டாக்களில் ‘மறு’, ‘தாமதி’ என்னும் பொருள்படும் சொற்கள் எழுதப்பட்டிருந்தன. வைத்தியச் செலவைக் கேட்டு வருவோரைக் கம்பெனிகள் நடத்தும் விதத்தை அந்நாட்டார் கசப்புடன் குறிக்கும் சொற்கள் அவை. ஐந்து நாட்களுக்குப் பின் ஓர் இளைஞர் ஆல்டூனா என்னும் ஊரில் கைதானார். (1849-இல் பென்சில்வேனியா ரயில்வே தன் பட்டறைகளுக்காக உண்டாக்கிய ஊர் அது, ரயில்வேக்காரர்களாகிய நமக்கு இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) தாம் குற்றவாளியல்ல என்று அவர் நீதிமன்றத்தில் கூறினார்.

கொலை நம்மைத் திடுக்கிடச் செய்தது. அதைக் கேட்டு எத்தனையோ பேர் மகிழ்ந்தார்கள் என்பது அதனினும் திடுக்கிடச் செய்தது. படித்தவர்களும் அவர்களில் இருந்தனர்.

“மகிழ்ந்தால் என்ன? பலன் கிடைத்ததே!” என்று வாதிட்டவர்களும் உண்டு. அவர்கள் ஓர் ஆதாரமும் காட்டினர். ஆந்தம் என்னும் வேறொரு கம்பெனி, அறுவைச் சிகிச்சையின்போது மயக்க மருந்து கொடுக்கும் நேரத்துக்கு வரம்பு வைத்து, அதற்கு மேற்பட்டால் பணம் தரமாட்டோம் என்று மூன்று ராஜ்யங்களில் அறிவித்திருந்தது. கொலை நடந்த மறுநாளே அவ்வறிவிப்பை வாபஸ் பெற்றது. ஆனால் மயக்க மருந்து வைத்தியர்களின் சங்கம் நவம்பர் மாதம் முதலே அதை எதிர்த்துக் குரல் எழுப்பி வந்தது. ராஜ்ய அதிகாரிகளும் தலையிட்டனர். அந்தக் கூக்குரலைத் துப்பாக்கியின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. கொலையுண்டவரின் நாற்காலியோ காலியாக இருக்கவில்லை. வேறொருவர் அமர்ந்தார், விதிகள் அப்படியே இருந்தன.

சட்டம் மட்டும் என்ன சாதித்தது? சிறிதன்று. 1965-இல் வந்த சட்டம் 65 வயது கடந்த முதியோருக்கு அரசாங்க இன்சூரன்ஸ் அளித்தது. 2010-இல் வந்த சட்டமோ, பழைய நோயைக் காட்டி ஒருவரைச் சேர்க்க மறுப்பதை 2014 முதல் தடுத்தது. இன்சூரன்ஸ் இல்லாதவர் தொகை 4½ கோடிக்கு மேலிருந்து ஆறே ஆண்டுகளில் 3 கோடிக்குக் கீழே இறங்கியது. எந்தத் தோட்டா இதைச் செய்யும்?

எனினும் அங்கே ஒரு முடிச்சு அவிழாமலே கிடக்கிறது. தொழிலாளருக்கு முதலாளிமார் செய்து தரும் இன்சூரன்ஸ் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுக்கு உட்பட்டது. கம்பெனி தவறாக மறுத்தது என்று நீதிமன்றத்தில் நிரூபித்தாலும், பெரும்பாலும் முதலில் தரவேண்டியிருந்த தொகையே கிடைக்கும். மறுப்பினால் பட்ட துன்பத்துக்கு நஷ்டஈடு கிடைப்பதில்லை. குமாஸ்தா புத்தியில் கணக்கிட்டால் இதன் பொருள் விளங்கும்: மறுத்தவனுக்குச் செலவில்லை, பத்துப் பேரை மறுத்து ஒருவர் போராடினால் ஒன்பது பேர் பணம் மிச்சம். 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனிநபர்களுக்கு விற்கப்பட்ட பாலிசிகளில், 2023-இல் நூறு கோரிக்கைகளுக்குச் சுமார் 19 மறுக்கப்பட்டன. மறுக்கப்பட்டவற்றில் அப்பீல் செய்யப்பட்டது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அப்பீல் செய்தவற்றில் நூற்றுக்கு 44 வரை தீர்ப்பு மாறியது! அந்நாட்டுச் சட்டத்தின் பலவீனமும் பலமும் இந்த எண்களிலேயே இருக்கின்றன.

நம் நாட்டுக்கு வருவோம். ரயில்வே ஊழியருக்கு ரயில்வே ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் தொழிற்சாலைகளிலும் தனியார் ஆபீசுகளிலும் உழைக்கும் நம்மவர் பலர் பாலிசிப் பத்திரத்தையே நம்பியிருக்கின்றனர். 2024 மே மாதம் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் விதித்தவற்றை அவர்கள் அறிதல் வேண்டும். கேஷ்லெஸ் சிகிச்சைக்கான விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். நோயாளி வீடு திரும்பும் வேளையில் ஆஸ்பத்திரி கணக்கனுப்பிய மூன்று மணிக்குள் அனுமதி தர வேண்டும். தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாகக் கேட்டால் அதைக் கம்பெனியே ஏற்க வேண்டும். பாலிசி 60 மாதங்கள் தொடர்ந்து நடந்துவிட்டால், மோசடியை நிரூபித்தாலன்றி, முன்பு நோயைச் சொல்லவில்லை என்று மறுக்க இயலாது.

மறுத்தால்? முதலில் கம்பெனிக்கே முறையீடு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீல் வேண்டியதில்லை. 50 லட்ச ரூபாய் வரை தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. தீர்ப்பை 30 நாட்களில் நிறைவேற்றாத கம்பெனி நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் முறையிட்டவருக்குச் செலுத்த வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில் நாம் கண்ட குறை இங்கே ஓரளவு அடைக்கப்பட்டிருக்கிறது.

வெளியூரில் வாழும் நமக்கு இன்னும் ஒரு வசதி உண்டு. திருநெல்வேலியில் எடுத்த பாலிசிக்காகத் திருநெல்வேலிக்கு அலைய வேண்டுவதில்லை. நாம் குடியிருக்கும் பகுதிக்குரிய குறைதீர்ப்பாளரிடமே மனுச் செய்யலாம். மறுப்புக் கடிதம், பாலிசி, ஆஸ்பத்திரிச் சீட்டுகள் ஆகியவற்றின் நகல்கள் கையிலிருக்க வேண்டும். மறுப்பு எந்த ஷரத்தின்படி என்று எழுத்தில் கேட்டு வாங்குவது முக்கியம். மனு எழுதத் தயங்குவோருக்காக நம் சங்கத்தில் ஞாயிறு மாலை ஒரு மேஜையும் இரு நாற்காலிகளும் போட்டால் என்ன? மனு எழுதியே தலை நரைத்த குமாஸ்தாக்களுக்கு நம்மிடையே பஞ்சமில்லை.