டெல்டா ரயிலை இழுத்த டீசல்: மின்சாரமா, எண்ணெயா?

மீட்டர் கேஜ் காலத்தில் கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக ஓடிய வண்டிகளைக் கடைசிவரை இழுத்தது ஒய்.டி.எம்-4 என்ற 1,400 குதிரைத்திறன் டீசல் எஞ்சின். ஓடியது டீசலில்தான், ஆனால் சக்கரத்தைச் சுழற்றியது மின்சாரம். டீசல் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றும். அந்த மின்சாரம் அச்சுக்குப் பக்கத்தில் உள்ள மோட்டார்களுக்குப் போகும்.

ஏன் இந்தச் சுற்றுவழி? நின்றிருக்கும் ரயிலைக் கிளப்பத்தான் இழுவிசை அதிகம் தேவை. டீசல் எஞ்சினைச் சக்கரத்தோடு நேரடியாகப் பூட்டினால், அந்தப் பாரத்தில் அது நின்றுவிடும்.

இதற்கு இன்னொரு வழியும் உண்டு: டீசல்-ஹைட்ராலிக். பம்புசெட் பீய்ச்சும் தண்ணீர் எதிரே இருக்கும் சக்கரத்தைச் சுழற்றினால் எப்படியோ, அப்படித்தான் இதன் வேலை. எஞ்சின் சுற்றும் விசிறி எண்ணெயை வீசும். எதிரே உள்ள டர்பைன் அதை வாங்கிச் சுழலும். அங்கிருந்து தண்டுகளும் பல்சக்கரங்களும் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும்.

ஜெனரேட்டர், மோட்டார் பாரம் இல்லாததால் எடை நன்றாகக் குறையும். ஜெர்மனியைப் பார்த்து, இங்கிலாந்து ரயில்வேயின் மேற்கு மண்டலம் 1958 முதல் இறக்கிய 'வார்ஷிப்' எஞ்சின்களில் பெரும்பாலானவை 80 டன்னுக்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை 2,200 குதிரைத்திறன். அதே ஆண்டு வந்த 2,000 குதிரைத்திறன் டீசல்-எலக்ட்ரிக் 133 டன். வியக்கவைக்கும் வித்தியாசம்தான். ஆனால் அந்நாட்டின் மற்றப் பகுதிகள் டீசல்-எலக்ட்ரிக் வழியில் போக, தனி உதிரிபாகம், தனிப் பயிற்சி என்று செலவு கூடியது. 1972-க்குள் வார்ஷிப்கள் ஓய்ந்தன. இன்னொரு ஹைட்ராலிக் வகையான 'வெஸ்டர்ன்' எஞ்சின்களில் கடைசியானவை 1977-இல் நின்றன.

இந்தியாவும் இதை முயன்று பார்த்தது. கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி 1950-களின் நடுவில் 20 ஹைட்ராலிக் எஞ்சின்களை, ஒய்.டி.எம்-1 என்ற பெயரில், நம் மீட்டர் கேஜுக்கு அனுப்பியது. அந்தக் கம்பெனியே 1962-இல் நொடித்துப்போனது. அதற்குள், 1961 முதலே, அமெரிக்க ஆல்கோவின் ஒய்.டி.எம்-4 வரத் தொடங்கிவிட்டது. பின்னர் வாரணாசியிலேயே தயாரானது.

காவிரிப் படுகைக்கு ஹைட்ராலிக் பொருந்தியிருக்கும் என்று சொல்ல ஒரு காரணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்டவாளத்துக்கு மேல் சில அங்குலம் தண்ணீர் ஏறினாலே, தாழ்வாகத் தொங்கும் மின்மோட்டார்களுக்கு ஆபத்து. ஹைட்ராலிக்கில் அந்த மோட்டாரே கிடையாது. ஆனாலும் ரயில்வே எடுத்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். வருடத்தில் சில நாள் வெள்ளத்துக்காக, நாடெங்கும் ஒரே உதிரிபாகம், ஒரே பழுதுபார்க்கும் முறை என்ற வசதியை விட்டுவிட முடியாது. 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்த பொன்மலைப் பணிமனை போன்ற இடங்களில், ஒரே வகை எஞ்சினில் வருடக்கணக்காகப் பழகிய கைகள் உருவானதும் அதனால்தான்.

பிரிட்டிஷ் ஹைட்ராலிக்கைப் பார்க்க விரும்புகிறவர்கள் கடல் கடந்து இலங்கைக்குப் போகலாம். லீட்ஸ் நகரின் ஹன்ஸ்லெட் கம்பெனி 1969-இல் அங்கே அனுப்பிய 'ஒய்' வகை எஞ்சின்களின் வேலை, பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும் ஷண்டிங்.